கழிவிரக்கம்

ஆனி 6, வியாழன்

காலையிலிருந்து ஒரே காற்று. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஆலங்குளத்துக்கு வருவது காற்றுதான். மழையை மலையடிவாரத்தில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வரும். ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளுக்குத்தான் கொண்டாட்டம். ஜன்னல் கதவுக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அந்தப் பிள்ளை வந்து நின்றாள். "டீச்சர், எல்லாத்துக்கும் பேங்க்ல பீடிப் பணம் ஏறிட்டு. எனக்கு மட்டும் ஏறல. எங்கம்மை கேட்டுட்டு வரச் சொன்னா."

பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தருகிற உதவித்தொகை அது. ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் நோட்டும் செருப்பும் அதில்தான். பிள்ளை இணையத்தில் விண்ணப்பம் போட்டதும் பள்ளிக்கூடம் அதைச் சரிபார்த்து மேலே தள்ளிவிட வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த வேலை என் தலையில்.

சாயங்காலம் கணினியைத் திறந்தேன். பத்தொன்பதில் பதினெட்டு போயிருக்கிறது. ஒன்று எங்கள் பக்கத்திலேயே நிற்கிறது. கடைசி நாள் முடிந்து மாதக்கணக்காகிறது. சர்வர் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நிமிடம் தேடினேன். வழியில்லை. நான்தான்.

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அவளை அனுப்பியிருந்தேன். பார்த்தாயிற்று. சொல்லத்தான் வேண்டும்.

ஆனி 8, சனி

இரண்டு நாளாக உள்ளுக்குள் ஒரே ஏச்சு. நீயெல்லாம் வாத்தியாரா. பீடி சுத்தின வீட்டிலிருந்து படித்து வந்தவளுக்கே பீடி சுத்துகிற வீட்டுப் பிள்ளையின் காகிதம் கண்ணில் படவில்லையா. உன்னால் உருப்படியாக ஒரு காரியம் ஆகுமா. இதிலிருந்து கிளை பிரிந்து, போன வருடம் ஒரு பையனை அறைந்தது, எம்.ஃபில். பாதியில் விட்டது, அப்பாவை ஒரு நாள் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாதது எல்லாம் வரிசையில் வந்து நின்றன. அமுக்காமல் விட்ட பட்டன் ஒன்று, அதற்குச் சாட்சி சொல்ல நாற்பத்தாறு வருடம்.

இரவு சாப்பிடவில்லை.

ஆனி 10, திங்கள்

ஆசிரியர் பயிற்சி ஒன்றில் கொடுத்த கட்டுரை நகல் அலமாரியில் கிடந்தது. அன்று சிரித்துவிட்டு வைத்ததை இன்று எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் முன்வைத்த கருத்து. தவறு செய்துவிட்ட சிநேகிதியிடம் எப்படிப் பேசுவோமோ அப்படித் தன்னிடமும் பேசுவது. தவறுவது எனக்கு மட்டும் வாய்த்த கேடு இல்லை, மனிதருக்குப் பொது என்று காண்பது. வலியை ஊதிப் பெருக்காமல், மூடி மறைக்காமல் இருக்கிற அளவுக்குப் பார்ப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழில் என்ன சொல்ல?

'தன்னிரக்கம்' என்றால் கெட்டது. ஒருவன் தன்னிரக்கத்தில் மூழ்கிவிட்டான் என்று எழுதினால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். இரக்கத்தைப் பிறர்மேல் காட்டினால் அருள், தன்மேல் காட்டினால் சீக்கு என்று நம் மொழி எப்போது முடிவுகட்டியதோ. இத்தனைக்கும் வள்ளுவர் 209-ஆம் குறளில், தன்மேல் அன்புள்ளவன் தீவினைப் பக்கமே போகக் கூடாது என்கிறார். தன்மேல் அன்பு வைப்பதை அங்கே அவர் குற்றமாக எண்ணவில்லை. அதை முதலாக வைத்துத்தான் வியாபாரமே தொடங்குகிறார்.

நெஞ்சில் கையை வைத்துக்கொள்ளச் சொல்கிறது கட்டுரை. வைத்துப் பார்த்தேன். வியர்வைதான் ஒட்டியது.

ஒன்றுதான் உறுத்தியது. பெர்க்லியில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்குக் கடினமான சொல் தேர்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். தடுமாறியபோது தங்களிடம் பரிவாக இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்களாம். இருபது வருடமாகச் சொல்வதெழுதுதலில் தப்பு விட்ட பிள்ளையைப் பத்துத் தடவை எழுத வைக்கிறவள் நான். இதைப் படித்துவிட்டு நகலை மடித்து வைத்தேன்.

அந்தப் பிள்ளை இன்றும் வந்து நின்றாள். "பாத்துக்கிட்டிருக்கேன்ட்டி" என்றேன்.

ஆனி 13, வியாழன்

அம்மை கேட்டாள்: "என்னட்டி, மூஞ்சி ஏன் இப்படிச் செத்துக் கிடக்கு? பள்ளிக்கூடத்துல எவனும் ஏசுனானா?"

யாரும் ஏசவில்லை, நானேதான் ஏசிக்கொள்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பீடிக்கடைக்கு அவளோடு போவேன். முந்தின ராத்திரி இலையை நனைத்து, துணியில் சுற்றி வைத்து, விடிந்ததும் தகட்டை வைத்து வெட்டி, சுளகை மடியில் போட்டு உட்காருவாள். தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. ஆயிரம் முடிந்தால் ஒரு நாள் கூலி. அதைக் கடையில் கொண்டுபோய் வைத்தால், மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் கட்டை அவிழ்த்து எடுத்துப் பார்ப்பார். இது தொளதொளப்பு, இது வாய் சரியில்லை, இது குட்டை. கழித்ததை அவள் கண் முன்னாலேயே பிய்த்துப் போடுவார். பியாமல் எடுத்து வைத்துக்கொண்டதும் உண்டு. அது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், கழிக்கப்பட்ட பீடி பற்றிய தகராறை முறையிட ஓர் இடம் வைத்திருந்தது. எங்கள் தெருவில் அதுவும் யாருக்கும் தெரியாது.

நான் மேசை உயரம்கூட இல்லை. அந்த மனிதரின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொன்றும் கீழே விழும்போது எனக்கு அடிவயிறு இழுக்கும்.

திரும்பி வரும்போது அம்மை வாயைத் திறப்பாள். அவர் வம்சத்தில் ஒரு தலைமுறையை விடமாட்டாள். ஆலமரத்தடி வரைக்கும் ஏச்சு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முணுமுணுப்பு, தெருமுனையில் காராச்சேவு வாங்கி என் கையில் கொடுப்பாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி இலையைக் கொஞ்சம் கூடுதலாக ஊறவைப்பாள். "நேத்து இலை வெறச்சுப்போச்சு, விரல் என்ன செய்யும்" என்பாள். தன் கையை அவள் ஒரு நாளும் ஏசியதில்லை. கடைக்காரரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான். இன்றுவரை மேசையும் நாற்காலியும் போட்டு உள்ளே உட்கார வைத்திருக்கிறேன்.

(எடுத்துப் பார்ப்பது கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பனையே அவிழ்த்துப் போட்டு, இது கம்பன் கை இல்லை என்று பெருவாரியாகக் கழித்தவர். புலவர்களுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவருக்கு நின்ற பெயர் ரசிகமணி. எடுத்து வைத்த பாட்டை அவர் அப்படிக் கொண்டாடினார்.)

கழிவிரக்கம் என்றால் முடிந்துபோனதை எண்ணி வருந்துவது என்று பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். இன்று அந்தச் சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கழிவு, இரக்கம். கழித்துப் போட்டதன் மேல் இரக்கம் என்று படித்தால் இலக்கணம் என்னை அடிக்காது என்று நினைக்கிறேன்.

ராத்திரி, உள்ளே அந்த ஆள் மேசையைத் தட்டியதும் அம்மை குரலில் சொல்லிப் பார்த்தேன்: "ஏட்டி, முதல்ல ரெண்டு வாய் சோறு தின்னு." தின்றேன்.

ஆனி 16, ஞாயிறு

அம்மையைக் கூட்டிக்கொண்டு தென்காசி. பாவூர்சத்திரம் தாண்டியதும் முகத்தில் சாரல் அடித்தது. பஸ் ஜன்னலை மூடவிடமாட்டேன் என்றாள். குற்றாலம் வேண்டாம், கூட்டத்தில் நசுங்க முடியாது என்று காசிவிசுவநாதர் கோயிலோடு நிறுத்திக்கொண்டோம். கோபுர வாசலில் காற்று எதிரே நின்று தள்ளும். கொஞ்சம் உள்ளே போனால் முதுகைப் பிடித்துத் தள்ளும். அம்மை சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள்.

1446-ல் இந்தக் கோயிலைத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். அவன் பெயரில் இங்கே கல்லில் ஒரு பாட்டு உண்டு. வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்றுதான் காதில் விழுந்தது. இந்த ஆலயத்துக்கு ஒரு குற்றம் வந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிந்துவிட்டேன் என்கிறான். பழுது பார்க்கப்போகிறவனுக்கு, அவன் பிறப்பதற்கு முன்பே ஒரு கும்பிடு. குற்றம் செய்கிறவனைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. அரசன் சாபம் போட்டிருக்கலாம். கோயிலுக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதிய கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இவன் அந்த வழிக்கே போகவில்லை.

பழுது வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து வெகுகாலம் மொட்டையாகவே நின்றது. இப்போது நாங்கள் அண்ணாந்து பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்தது 1990-ல். அதுவரை அந்தக் கும்பிடு கல்லில் காத்துக் கிடந்திருக்கிறது.

பிரகாரத்தில் உட்கார்ந்து அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், பிள்ளை, பத்து நாள்.

"அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனியா?"

"இல்லம்மா."

"பெறவு பத்து நாளா என்ன செஞ்ச?"

பதில் இல்லை. என்னை ஏசிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பாள். அது உண்மையில் ஒரு வேலைபோலத்தான் இருந்தது. அதைச் செய்துகொண்டிருந்தவரைக்கும் இதைச் செய்யாமல் இருக்க முடிந்தது.

ஆனி 17, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். ஒற்றை அறை, முன்னால் தகரச் சாய்ப்பு. அவள் அம்மை சுளகும் மடியுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். "வாங்க டீச்சர்" என்று எழப்போனவளை அமர்த்திவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "பிள்ளை விண்ணப்பத்த நான் மேல அனுப்பாம விட்டுட்டேன். தப்பு என் பேருல."

கத்தரி நின்றது. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்.

"இத அப்பமே சொல்லியிருக்கலாமே டீச்சர். பத்து நாளா இவ, நான்தான் ஏதோ நம்பரத் தப்பாப் போட்டுட்டேன், என்னாலதான் போச்சுன்னு அழுதுக்கிட்டுல்லா கெடக்கா."

கதவோரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று வயது. அவளுக்குள்ளும் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நான் வாய் திறக்காமல் இருந்த பத்து நாளில் போட்டது.

கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். "நீ எல்லாம் சரியாத்தான்ட்டி போட்டிருந்த. ஒரு எழுத்து தப்பில்ல. நான்தான் அமுக்கல." ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கொண்டுபோன உறையை நீட்டினேன். அவள் அம்மை யோசித்தாள். வாங்கி, பிரித்து, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. நன்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

கிளம்புமுன் ஒரு இலையை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். முப்பது வருடம் கழித்து விரல் வழியைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் வாய் கோணல். அவள் அம்மை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கடையில நிக்காது டீச்சர்" என்று நூலை அவிழ்த்தாள். தூளைச் சுளகில் தட்டினாள். அந்த இலையிலேயே வேறொன்று சுற்றிவிட்டாள்.

ஆனி 24, திங்கள்

இந்த வருடத்து விண்ணப்பத்துக்கு இப்போதே ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். பெயர், பீடி அட்டை நகல், வங்கிப் புத்தகம், வருமானச் சான்று. கடைசியில் இரண்டு கட்டம்: ஒன்று நான் டிக் போட, இன்னொன்று அந்தப் பிள்ளை போட. அவளைத்தான் எடுத்துப் பார்க்க வைத்திருக்கிறேன். மதியம் பென்சிலோடு வந்து வரி வரியாகப் பார்த்தாள்.

"டீச்சர், என் இனிஷியலத் தப்பா எழுதியிருக்கீங்க."

ஆமாம். 'மு' என்று இருக்க வேண்டியது 'சு' என்று இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரப்பரை வாங்கி அழித்துவிட்டு எழுதினேன்.