ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சொம்பு கம்பங்கூழ்

விருத்தாசலத்தில் இறங்கினால் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் கண்ணைப் பறிக்கும். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீமுஷ்ணம். பெருமாள் தானாகவே தோன்றிய எட்டுத் தலங்களில் இதுவும் ஒன்று என்பார்கள். பூமியைத் தோண்டி பூதேவியை மீட்ட வராகப் பெருமாளுக்கு இங்கே நைவேத்தியம் என்ன தெரியுமோ? மண்ணுக்குள் விளையும் கோரைக்கிழங்குதான்! உருண்டையாகப் பிடித்துப் படைக்கிறார்கள்.

என் மூத்த ஓரகத்தி இந்த ஊர்தான். என் மகளுடன் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மகள் கைக்குழந்தைக்காரி, வேலைக்கும் போகிறாள். குழந்தைக்குப் பால், மாப்பிள்ளைக்கு இட்லி, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி என்று ஓடுகிறவள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான் இருந்தது. பெண்களுக்கு 12 க்குக் குறையக் கூடாதாம்.

மறுநாள் காலை, தெருப் பிள்ளைகள் சீக்கிரமே பள்ளிக்கூடம் கிளம்பினார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டதல்லவா? உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சுடச்சுடக் கிடைக்கிறது.

"புள்ளைங்க வயித்த சர்க்கார் பாத்துக்குது. புள்ள பெத்தவ வயித்த யாரு பாப்பா கண்ணு?" என்றபடி, ஓரகத்தி என் மகள் கையில் ஒரு சொம்பு கம்பங்கூழைக் கொடுத்தார்.

நியாயமான கேள்விதானே? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள்!

காலையில் நேரமில்லையே என்பீர்கள். கூழுக்கு வேலையெல்லாம் முதல் நாள்தான். ஒரு டம்ளர் கம்பை ரவையாக உடைத்து, தண்ணீரும் கொஞ்சம் மோரும் விட்டுக் காலையிலேயே கரைத்து வையுங்கள். மாலையில் கால் டம்ளர் அரிசி நொய்யை நாலைந்து டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, கரைத்ததை ஊற்றி, அடிபிடிக்காமல் கெட்டியாகக் கிளறுங்கள். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு விடுங்கள். விடிந்ததும் ஓர் உருண்டையை மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைக்க ஐந்தே நிமிஷம்.

அரிசியை விடக் கம்பில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம். புளிக்க வைப்பதால் அந்தச் சத்து உடம்பில் சேர்வதும் சுலபம். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் இருந்தால் இன்னும் விசேஷம். காபியை மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

கூழ் பிடிக்காதவர்கள், இரண்டு பங்கு கம்பு, ஒரு பங்கு இட்லி அரிசி, அரைப் பங்கு உளுந்து ஊறவைத்து அரைத்துத் தோசை வார்க்கலாம். இந்தப் பக்கத்தில் நிறைய விளையும் வேர்க்கடலையில் சட்னி அரைத்தால் புரதமும் கிடைக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் கடலையை முழுசாகத் தராதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஒரு வார்த்தை: டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கூழை நம்பி நிறுத்தி விடாதீர்கள். மாத்திரையும் வேண்டும், காலை ஆகாரமும் வேண்டும். எல்லோருக்கும் பரிமாறி மிச்சமிருந்தால் என்று இராமல், உங்கள் உருண்டையை முதலில் எடுத்து வையுங்கள்.