அயல்நாட்டு வீரரும் நம்மூர்க் காற்பந்தும்

ஒரு நாட்டில் ஒரு விளையாட்டு நலிந்திருக்குமாயின், பிறநாட்டினின்றும் புகழ்பெற்ற வீரர் ஒருவரை வரவழைப்பதால் அது தழைக்குமோ, தழையாதோ என்பது விளையாட்டன்பர் நெடுநாளாய் வினவிவரும் வினாவாகும். எம் விடுதியிலும் இவ்வினா எழுந்தது. இரவுணவிற்குப் பின் தொடங்கிய சொற்போர் விளக்கணைக்கும் மணி ஒலித்த பின்னரும் ஓய்ந்திலது. தழைக்கும் என்றனர் ஒரு சாரார். வீண்செலவு என்றனர் மற்றொரு சாரார். யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராதலின், இரு திறத்தார் கூற்றையும் எழுதிக் கல்லூரி மலருக்கு அளிக்கும் பொறுப்பு எம் தலைமேல் வீழ்ந்தது. எழுதப் புகுந்தபோதுதான், இஃது எம் உள்ளத்தைத் தொட்ட செய்தியாதலின் நடுநின்று எழுதுதல் எளிதன்று என்பது விளங்கிற்று.

முதற்கண் அமெரிக்க நாட்டை நோக்குவோம். பிரேசில் நாட்டுப் பெலே 1975ஆம் ஆண்டில் நியூயார்க் காஸ்மாஸ் கழகத்திற் சேர்ந்தார். காற்பந்தைப் பொருட்படுத்தாதிருந்த அந்நாட்டில், 1977ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அக்கழகம் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண 77,691 பேர் திரண்டனர். அவ்வாண்டே பெலே ஓய்வு பெற்றார். பின்னர் ஏழாண்டே அத்தொடர் நடைபெற்றது. வருவாயினும் செலவு மிகுந்து, கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கதவடைக்க, 1984ஆம் ஆண்டு ஆட்டங்களோடு அது மறைந்தொழிந்தது.

ஆயின் கதை அங்கே முடியவில்லை. 1994ஆம் ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டி அமெரிக்காவில் நடைபெற்றது. 1996ஆம் ஆண்டில் பத்துக் கழகங்களோடு புதிய தொடரொன்று, ஊதியத்திற்கு வரம்பு கட்டிக்கொண்டு, அடக்கமாய்த் தொடங்கிற்று. ஆங்கிலேயர் பெக்காம் 2007ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தபோது அத்தொடருக்குப் பதினோர் ஆண்டு நிரம்பியிருந்தது. அவர் ஆடவிருந்த கழகத்திற்குக் காற்பந்திற்கெனவே கட்டிய அரங்கமும் இருந்தது. புதுக்கழகம் ஒன்றை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமையும் அவர்தம் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தது. அவ்வுரிமையாற் பிறந்த மயாமிக் கழகம் 2020ஆம் ஆண்டில் ஆடத் தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டில் மெஸ்ஸி வந்து சேர்ந்ததும் அக்கழகத்திற்கே. பெலே வந்தபோது வீடு கட்டப்பெறவில்லை. பெக்காம் வந்தபோது வீடு இருந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பெலே 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் 2–2 என முடிந்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அதே நகரில், சால்ட் லேக் அரங்கில், மெஸ்ஸி தலைமை தாங்கிய அர்ஜெண்டினா வெனிசுவேலாவை வென்றது. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் மெஸ்ஸி அவ்வரங்கிற்கு மீண்டும் வந்தார்; ஆனால் இம்முறை ஆட்டம் இல்லை, முகங்காட்டல் மட்டுமே. பொருள் கொடுத்து வந்தும் அவரைக் காணப்பெறாத மக்கள் சினந்து நாற்காலிகளை எறிந்தனர். காற்பந்தின்பால் நம்மவர்க்கு அன்பில்லை என்று எவரே கூற வல்லார்? அன்பு உண்டு, அவ்வன்பு சென்று தங்குதற்கு இடந்தான் இல்லை.

வந்து போவோர் ஒருபுறமிருக்க, வந்து ஆடியோரும் உளர். இந்தியன் சூப்பர் லீக் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் எட்டுக் கழகங்களோடு தொடங்கிற்று. டெல் பியரோ தில்லிக்கும், பிரேஸ் கோவாவிற்கும், லியூங்பெர்க் மும்பைக்கும் வந்தனர். நம் சென்னையின் எஃப்.சி. கழகத்திற்கு, 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலிக்காகக் கோலடித்த மாத்தராட்சி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். பிரேசிலியர் எலானோ 8 கோலடித்து அத்தொடரின் முதல்வரானார். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் கோவாவை 3–2 என வென்று சென்னை கோப்பையைக் கைக்கொண்டது. மட்டைப்பந்தே பேச்சாயிருந்த இல்லங்களில் அவ்விரவு காற்பந்தும் பேச்சாயிற்று. இந்நன்மையை மறுப்பார் நன்றி மறந்தாராவர்.

எனினும் மறுபக்கமும் உண்டு. தொடக்கத்தில் களத்தில் நிற்கும் பதினொருவருள் அறுவர் வரை அயல்நாட்டாராய் இருக்கலாம் என்பது விதி. முதல் நான்கு தொடர்களில் மிகுதியாகக் கோலடித்தோர் எலானோ, மெண்டோசா, மார்செலின்யோ, கோரோ என்போர், நால்வரும் அயலவரே. கோலடிக்கும் இடத்தில் அயலவர் நிற்ப, நம் இளைஞர் பின்னே நின்று காத்தலையே கற்றனர். இக்குறை உணரப்பட்டே 2017ஆம் ஆண்டில் அறுவர் ஐவராகவும், 2021ஆம் ஆண்டில் நால்வராகவும் குறைக்கப்பட்டனர். உலகத் தரவரிசையில் 2015ஆம் ஆண்டு மார்ச்சில் 173ஆம் இடத்திலிருந்த இந்தியா 2017ஆம் ஆண்டு ஜூலையில் 96ஆம் இடத்திற்கு ஏறிற்று என்று எம் நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். மெய்தான், ஆயின் 2025ஆம் ஆண்டு நவம்பரில் அது 142ஆம் இடத்தில் இருந்தது என்பதும் மெய்யே.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள். எம்மை இவ்வினாவிற் பிணித்தது வேறொன்று. சனிக்கிழமைதோறும் மாலையில் யாமும் நண்பர் மூவரும் ஒன்றாம் எண் பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வது வழக்கம். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் சிறுவர் மட்டைப்பந்தாடுவர். அவ்வீதிகளுக்கு வடக்கே, நீர் வற்றிய கொள்ளிட மணலில், பதினெட்டுச் சிறுவர் எமக்காகக் காத்திருப்பர். இரண்டு பந்து, செருப்புக்களை அடுக்கிய கோற்கம்பங்கள், பத்தாம் எண் பொறித்த நீலவெள்ளைச் சட்டை நால்வர்க்கு. பந்தைத் தடுக்கவும் தட்டிக் கொடுக்கவும் யாம் அறிந்த அளவு கற்பிக்கின்றோம். அவருள் ஒருவன் பதினைந்து வயதினன். இடக்காலால் அவன் பந்தைத் தொடும்போது பந்து அவன் சொற்கேட்பதுபோல் அடங்கும். அவன் தந்தை காந்தி சந்தையில் மூட்டை தூக்குபவர்.

சென்ற கோடையில் நம் நகரத்துக் கழகமொன்று எழுவர் ஆட்டப் போட்டிக்கு இச்சிறுவனைத் தேர்ந்தது. மூன்று வாரம் நாள்தோறும் விடியற்காலையில் பயின்றான். கேரளத்தில் எழுவர் ஆட்டங்களுக்கு ஆப்பிரிக்க நாட்டு வீரரைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் உண்டென்பது பலரும் அறிந்ததே. அக்கழகத்தாரும் அவ்வாறே இருவரை வரவழைத்தனர். சுவரொட்டிகளில் அவர்தம் உருவம் பெரிதாய் விளங்கிற்று. கூட்டம் கரையுடைத்தது. எம் சிறுவனோ மூன்று ஆட்டங்களிலும் ஓரத்து விசிப்பலகையில் அமர்ந்து பிறர்க்குத் தண்ணீர்ப் புட்டி எடுத்துக் கொடுத்தான். கழகம் கோப்பை வென்றது. மறுவாரம் அந்தத் திடலில் ஒருவரும் இலர்.

இதனை மட்டும் கூறி நிறுத்தினால் அவ்வயலவர்க்கு அநீதி செய்தோமாவோம். இறுதியாட்டம் முடிந்த பின் அவ்விருவருள் மூத்தவர், பலகையில் அமர்ந்திருந்த இவனைக் கைகாட்டி அழைத்தார். இருவர்க்கும் பொதுமொழி இல்லை. எதிரிக்கு முதுகைக் காட்டி நின்று, வரும் பந்தை அடக்கி, ஒரே அடியில் திரும்புவது எங்ஙனம் என்பதை, விளக்குகள் அணைக்கப்படும்வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், அவர் மீண்டும் மீண்டும் செய்து காட்டினார். அத்திருப்பத்தை இன்று கொள்ளிட மணலில் பதினெட்டுச் சிறுவரும் செய்கின்றனர். மூன்று நாள் ஆட்டத்தால் விளையாத பயன் அந்த ஒரு மணி நேரத்தால் விளைந்தது.

இதனை நினைக்குந்தோறும் காசுமீரத்திற் பணியாற்றிய டிண்டேல் பிஸ்கோ பாதிரியார் எம் நினைவிற்கு வருகிறார். அவர் 1890ஆம் ஆண்டில் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்தார்; பின்னர்த் தோற்பந்தொன்றைக் கொணர்ந்தார். தோல் தீட்டென்று மாணவர் தொட மறுத்தனர். அவர் விடவில்லை, ஊரை விட்டு அகலவும் இல்லை, 1947ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்தார். காசுமீரத்தில் காற்பந்து வேரூன்றியது அங்ஙனமே. அவர் உலகறிந்த ஆட்டக்காரர் அல்லர். தங்கினார், கற்பித்தார், அவ்வளவே.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2018–19ஆம் ஆண்டு ஐ-லீக் கோப்பையைச் சென்னை சிட்டி கழகம் கோவையைத் தன் ஆடுகளமாகக் கொண்டு வென்றது. அதில் 21 கோலடித்த பெத்ரோ மான்சியை அதற்குமுன் நம்மவர் எவரும் சுவரொட்டியிற் கண்டதில்லை. அவரோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால் முதலிய தமிழ்நாட்டு இளைஞர் தோளோடு தோள் நின்று ஆடினர். புகழ் சிறிது, பயன் பெரிது. ஆயினும் அக்கழகம் 2021ஆம் ஆண்டிற்குப் பின் அத்தொடரிற் காணப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. மகளிரையும் நோக்குக. தேசிய மகளிர் காற்பந்துக் கோப்பையைத் தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் வென்றது. மதுரைச் சேது எஃப்.சி. 2019ஆம் ஆண்டில் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். இவர்களை வளர்த்தது எந்த அயல்நாட்டு விண்மீன்? உள்ளூர்த் திடல்களும் உள்ளூர்ப் பயிற்சியாளருமே.

கூட்டம் சேர்ப்பதற்கேனும் அயலவர் வேண்டுமன்றோ எனின், 2018ஆம் ஆண்டு ஜூனில் மும்பையில் நிகழ்ந்ததை நினைக. சீன தைபேயை இந்தியா வென்ற ஆட்டத்தைக் காண வந்தோர் 2,569 பேரே. அணித்தலைவர் சுனில் சேத்ரி, "வந்து எங்களைத் திட்டவாவது செய்யுங்கள்" என்னும் கருத்துப்பட மக்களை வேண்டிக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டு எஞ்சவில்லை.

முக்கொம்பைக் கண்டார் யாவரும் ஒன்றறிவர். மேற்கிலிருந்து எவ்வளவு வெள்ளம் வரினும், அணையும் மதகும் வாய்க்காலும் இருந்தாலன்றி அது வயலுக்குப் பாயாது. மிகுந்தது கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கே போகும். பெருவீரர் வருகை வெள்ளம் போன்றது. வெள்ளத்தைப் பழிப்பதிற் பயனில்லை. வாய்க்கால் வெட்டாதிருந்து வெள்ளத்தை வேண்டுவதிலும் பயனில்லை. பள்ளிதோறும் திடல், ஊதியம் பெறும் பயிற்சியாளர், ஆண்டு முழுதும் நடைபெறும் மாவட்டத் தொடர், அத்தொடரில் உள்ளூர்ச் சிறுவர்க்கு உறுதியான இடம் என்னும் இவையே வாய்க்கால்கள். இவை இருப்பின் ஒரு மெஸ்ஸியன்று, நூறு மெஸ்ஸி வரினும் நன்றே. அயலவரை அழைக்கும் கழகம், அவர் ஆடும் நாளோடு கற்பிக்கும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்பதே எம் துணிபு.

சொற்போர் இவ்வாறு முடிந்தாலும் எமக்கு விடை தெரியாத வினா ஒன்று எஞ்சியுள்ளது. சென்ற திங்களில் அச்சிறுவன் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. அவன் இல்லம் சென்றோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் சந்தையிற் கடையொன்றில் அவனைச் சேர்ப்பதாகத் தந்தை கூறினார். அன்னையார் எமக்குத் தேநீர் அளித்து, "தம்பி, நீங்க படிச்ச பிள்ளைங்க. இந்தப் பந்தாலே இவனுக்குச் சோறு கிடைக்குமா, சொல்லுங்க" என்றார். இரயில்வே, வங்கி முதலியவற்றில் ஆட்டக்காரர்க்கு வேலை உண்டென்றும், பொன்மலைப் பட்டறையை அறியாதார் இந்நகரில் இல்லையே என்றும் கூறினோம். "எத்தனை பேருக்குத் தம்பி?" என்றார் அவர். அவ்வெண்ணிக்கை மிகச் சிறிது என்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். பந்தையும் பள்ளியையும் ஒருங்கே விடாதிருக்க மேல்நிலை வகுப்புச் செலவில் ஒரு பகுதியை யாம் நால்வரும் ஏற்பதாகச் சொல்லி வந்தோம். தந்தையார் இன்னும் விடை பகரவில்லை. சென்ற சனிக்கிழமை மட்டும் சிறுவன் மணலுக்கு வந்திருந்தான்.

இதனைப் படிக்கும் பழைய மாணவர் பலர் நம் கல்லூரித் திடலில் பந்தாடியவரே. பலர் இன்று அலுவலகங்களில் ஆளெடுக்கும் நிலையில் உள்ளனர். அவர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் உடன்பயில்வாரையும் யாம் வேண்டுவது பெரிதொன்றன்று. கொள்ளிட மணலில் இரண்டு பந்துக்குப் பதினெட்டுச் சிறுவர் உளர். பயிற்றுவிக்க நால்வர் போதவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒன்றாம் எண் பேருந்தில் இன்னும் சிலர்க்கு இடமுண்டு.