நான்கு டிஸ்க்கும், சிதம்பரத்தில் ஒன்றும்!

சிதம்பரம் கோயிலில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. மிஞ்சியதைத்தான் ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பார்கள். வேறு ஊரில் இன்னொரு படி இருந்திருந்தால்?

கடலூர் ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கும் இதே கவலை. ஊராரின் கல்யாணப் படங்கள் எல்லாம் அவரிடம்தான். ‘ரெய்டு’ பெட்டிக்கு எத்தனை ஹார்டு டிஸ்க் போடுவது?

4 டிபி டிஸ்க் மூன்று போட்டு ‘ரெய்டு 5’ என்றால், 8 டிபி இடம் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் படங்கள் பிழைக்கும். நான்கு போட்டு ‘ரெய்டு 6’ என்றாலும் அதே 8 டிபிதான். ஆனால், இரண்டு பழுதானாலும் தாங்கும். புது டிஸ்க் மாட்டினால், அதில் தகவல் நிரம்பப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொன்றும் போனால் ரெய்டு 5-ல் எல்லாமே போச்சு. எனவே, நான்கு என்று முடிவெடுத்தார்.

“நாலும் ஒரே மேஜையிலதானே இருக்கு? தானே புயலை மறந்துட்டீங்களா?” என்றார் மனைவி. 2011 டிசம்பர் 30-ல் கடலூரைப் புரட்டிப்போட்ட புயல் அது.

ரெய்டு, டிஸ்க் பழுதைத்தான் தாங்கும். வெள்ளம், திருட்டு, கைதவறி அழிப்பது எதையும் தாங்காது. அதனால் 8 டிபி டிஸ்க் ஒன்றைத் தனியாக வாங்கினார். மாதம் ஒருமுறை படங்கள் ஏறியதும், அது சிதம்பரத்தில் மாமியார் வீட்டு பீரோவுக்குப் போய்விடுகிறது.