பத்திரிகையில் அம்மாவின் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்து சேர்ந்தது. 'திருநிறைச்செல்வி' என்பதில் 'ச்' வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிடு. வினைத்தொகை, ஒற்று மிகாது. எல்லாரும் போடுகிறார்கள் என்றாலும் உன் பத்திரிகையில் சரியாக இருக்கட்டும். வீட்டில் இன்னும் கல்யாணத்துக்கு ஆள் இருந்தால் திருவளர்செல்வி, கடைசிக் கல்யாணமாக இருந்தால் திருநிறைசெல்வி என்று ஒரு வழக்கம் உண்டு. நீ கடைக்குட்டி, பொருத்தம்தான்.

மனசு ஆறாமல் இருப்பது வேறொன்றுக்காக. உன் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இருக்கிறது. பெரியப்பா பெயரில் அழைப்பு இருக்கிறது. உன் அம்மா, என் அக்கா, அவள் பெயர் எங்குமே இல்லை. கணவர் இல்லாதவருக்குத் திருமதி போடக் கூடாது, வெறும் பெயராகப் போட்டால் மரியாதை இல்லை, அதனால் விட்டுவிட்டோம் என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். மறைந்தவருக்குத் திரு உண்டு, உன்னைப் படிக்க வைத்து ஆளாக்கி நம்மோடு இருப்பவருக்கு இல்லையா?

பழைய பத்திரிகைகளில் மாப்பிள்ளைக்குச் சிரஞ்சீவி, பெண்ணுக்குச் சௌபாக்கியவதி என்று போடுவார்கள். அவனுக்கு நீண்ட ஆயுள். அவளுக்கோ அவன் ஆயுள் உள்ளவரைக்குமான பாக்கியம். அந்த அடைமொழி கணவரோடு போய்விடும் என்றால் எனக்குப் புரிகிறது, பிடிக்காவிட்டாலும். திருமதி அப்படிப்பட்டதல்ல. திரு என்றால் செல்வம், மேன்மை, மங்கலம். 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் அரசுத் தாள்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி இருந்த இடத்தில் திரு, திருமதி வந்தன. கருவூலத்திலிருந்து அக்காவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியக் கடிதத்தை எடுத்துப் பார். கணவரை இழந்தவர் என்பதற்காகவே வருகிற கடிதம் அது. அதிலேயே திருமதி என்றுதான் இருக்கிறது.

சாஸ்திரம், வழக்கம் என்று யாராவது பேசினால் செம்பியன் மாதேவியாரைச் சொல். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி. கணவர் கண்டராதித்தர் மறைந்த பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டினார். கும்பகோணம் பக்கத்துக் கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவனைக் கும்பிடுகிற சிற்பத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். கல்வெட்டுகள் மாதேவியாரை உடைய பிராட்டியார் என்கின்றன, பெயருக்கு முன்னால் ஸ்ரீ போடுகின்றன. உத்தம சோழனைப் பெற்ற வயிற்றைத் திருவயிறு என்றே வெட்டி வைத்திருக்கிறார்கள். கணவர் போனார் என்று ஒரு கல்தச்சரும் அவருடைய திருவை எடுத்துவிடவில்லை.

மாதேவியார் என்பதில் வரும் அந்த 'ஆர்' விகுதியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஔவையார், நக்கீரனார், வெள்ளிவீதியார், சாத்தனார். ஆணா பெண்ணா, மணமானவரா இல்லையா என்று எதையும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணத்தின்படி அல்ல, உயர்த்திச் சொல்லும் வழக்கால் வந்தது என்று தொல்காப்பியரே ஒதுக்கி வைத்துப் பேசுகிறார். மக்கள் மரியாதை கொடுக்க ஆசைப்பட்டார்கள், இலக்கணம் வழிவிட்டது. 'அவர்' போதாமல் 'அவர்கள்' வந்ததும் அப்படித்தான்.

பெரியப்பா தன் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தையும் சேர்த்திருக்கிறார். அதையும் எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். சோழர் காலத்தில் மூவேந்தவேளான், பல்லவரையன், மாராயன் எல்லாம் அதிகாரிகளுக்கு அரசன் கொடுத்த பட்டங்கள். பல பட்டங்களில் அரசன் பெயரும் முன்னால் சேர்ந்திருக்கும். வேலைக்குக் கிடைத்த இப்படிப்பட்ட பட்டங்களில் சில பிறப்போடு வரும் ஜாதிப் பெயர்களாகிவிட்டன. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. பெரியாரும் 'நாயக்கரை' விட்டார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இன்று அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்கிறோம். வேறு எத்தனையோ மாநிலங்களில் காணக் கிடைக்காத பெருமை அது. கல்யாணப் பத்திரிகை வழியாக ஜாதிப் பட்டத்தைத் திரும்ப உள்ளே விட வேண்டாம்.

இனிமேல் செய்ய வேண்டியது இதுதான். அழைப்பவர் இடத்தில் முதல் வரியில் 'திருமதி' என்று அக்கா பெயர். அதற்கடுத்த வரியில் பெரியப்பா, பெரியம்மா பெயர், 'திரு', 'திருமதி' என்ற அடைமொழியோடு. அப்பாவுக்குத் 'தெய்வத்திரு' அப்படியே இருக்கட்டும். அக்கா வேண்டாம் என்றுதான் சொல்வாள், "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பாள். அவளிடம் நீ கேட்க வேண்டாம், அச்சடித்துக் கையில் கொடு.

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் அப்பா போனபிறகு அந்த வீட்டுக்கு அவர்தான் துணை. அவர் மனம் நோகாமல் நானே நேரில் வந்து பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா