எங்கே காத்திருக்கிறாய்?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிற பிள்ளைகள் யோசனை கேட்டு வந்தால், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ப்ராசஸர் நல்லது, அங்கிள்?" நான் திருப்பிக் கேட்பேன்: "இப்போ இருக்கிற மெஷின்ல எதுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே, தம்பி?" பலருக்குப் பதில் வராது. கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனை என்பதெல்லாம் மனப்பாடம். தன் பொழுது எங்கே கரைகிறது என்பது மட்டும் தெரியாது.

கையில் அளவான பணம். பகலில் கல்யாண வீடியோவோ யூடியூப் வீடியோவோ எடிட் செய்ய வேண்டும், ராத்திரி கொஞ்ச நேரம் விளையாட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மெஷின். இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடப் பழகியவனுக்கு, பிற்பாடு வண்டி வாங்குவதும் படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் கடன் வாங்கலாமா என்று முடிவு செய்வதும் அவ்வளவு குழப்பமாக இருக்காது. ஒரு சின்னச் சில்லுக்காக இவ்வளவு நீட்டிப் பேசுவது அதனால்தான்.

பெரிய எண்ணுக்கு மயங்காதே

2000-ஆம் ஆண்டு இன்டெல் பென்டியம் 4 வெளியிட்டபோது, அதன் வேகம் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். அப்போது சந்தையில் இருந்த 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பல வேலைகளில் அதற்கு ஈடுகொடுத்தது. சிலவற்றில் முந்தவும் செய்தது. ஆனாலும் வாங்குபவர்கள் எண்ணைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையைச் சமாளிக்க, அடுத்த ஆண்டே ஏஎம்டி தன் 1.53 கிகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தது. எண்ணை ஏற்றிக்கொண்டே போன இன்டெல், சூடு தாங்காமல் 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. 2006-இல் அதே இன்டெல் கொண்டுவந்த கோர் 2 டுவோ, குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே பென்டியம் 4-ஐத் தூக்கிச் சாப்பிட்டது.

அடுத்து கோர் எண்ணிக்கை வந்தது. 2011-இல் ஏஎம்டி தன் எஃப்எக்ஸ் சில்லுகளை எட்டு கோர் என்று சொல்லி விற்றது. உள்ளே இரண்டிரண்டு கோர்களுக்கு தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், அடுப்பு ஒன்று என்கிற கதை. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்து ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண், விற்பவர் தன் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த எண். கல்லூரி விளம்பரத்தில் வரும் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும், வேலைக்குச் சேரும்போது சொல்லும் ஆண்டுச் சம்பளத்தையும் இதே கண்ணால் பார்க்கப் பழகு. உன் வேலைக்கு அந்த எண் என்ன செய்யும் என்று கேள். பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடு.

மெஷின் காத்திருக்கலாம், நீ கூடாது

1967-இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் சொன்ன ஒரு கணக்கு கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், மீதிப் பகுதி மொத்த நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கல்யாண வீடியோவை முடிக்க உனக்குப் பத்து மணி நேரம் ஆகிறது, அதில் எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரம் என்று வை. இரண்டு மடங்கு வேகமான ப்ராசஸர் வாங்கினால் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சுவது அரை மணி. மீதி ஒன்பது மணி நேரம் ஃபைல் தேடுவதிலும், காட்சி வெட்டுவதிலும், பாட்டு மாற்றுவதிலும் போகிறது.

அந்த ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டையும் படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் முடிந்திருக்கும். கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ் இருந்தால் போதும். ஆனால் டைம்லைனில் கோட்டை நகர்த்தும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி வந்தால், அது உன் விழித்திருக்கும் நேரத்தைத் தின்கிறது. மெஷின் காத்திருப்பதும் நீ காத்திருப்பதும் ஒன்றல்ல. பணம் குறைவாக இருக்கிறவன் இரண்டாவதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

டைம்லைன் ஏன் திக்குகிறது? செல்போன்களும் புதிய கேமராக்களும் எச்.264, எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இடத்தை மிச்சப்படுத்த, பெரும்பாலான ஃபிரேம்களில் மற்ற ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே எழுதிவைக்கும் முறை இது. ஆகவே நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்டக்கூட அது சார்ந்திருக்கும் பல ஃபிரேம்களை ப்ராசஸர் திறந்தாக வேண்டும். இந்த வேலைக்கென்றே இன்டெல் 2011-லிருந்து தன் ப்ராசஸரின் உள் கிராபிக்ஸோடு குயிக் சிங்க் என்ற தனிப் பகுதியை வைத்திருக்கிறது. பிரீமியர் ப்ரோ அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

விளையாட்டில் காத்திருப்பு வேறு மாதிரி. வாலரன்ட் போன்றவை கிராபிக்ஸ் கார்டை அதிகம் வாட்டாது. ஒற்றைக் கோரின் வேகத்தைக் கேட்கும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்டைத்தான் முதலில் பிழியும். உனக்கு எது என்று தெரிய, ஆடிக்கொண்டிருக்கும்போது படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டு தடையாக இருந்திருக்கிறது, ஏறாவிட்டால் ப்ராசஸர். காசு செலவில்லாத சோதனை இது. மாற்றிப் பார்க்காமல் பழி போடுகிற பழக்கம் வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்கு உண்டு. இந்தச் சின்னச் சோதனை அதற்கும் நல்ல மருந்து.

ஒற்றை எழுத்தைக் கவனி

இப்போது பெயர்களுக்கு வருவோம். இன்டெல் ஐ5-12400, 2022 தொடக்கத்தில் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அதன் பக்கத்திலேயே 12400எஃப் என்று ஒன்று சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது; குயிக் சிங்க்கும் கூடவே போயிற்று. கார்டு போட்டு விளையாட மட்டுமே வாங்குகிறவனுக்கு எஃப் லாபம். எடிட் செய்கிறவனுக்கு, அதுவும் 10-பிட் 4:2:2 முறையில் பதிவு செய்யும் கேமரா வைத்திருக்கிறவனுக்கு, அது நஷ்டம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளால் அந்தப் பதிவைத் தாமே திறக்க முடியாது. இன்டெலின் உள் கிராபிக்ஸ் எச்.265-இல் அதைத் திறந்துவிடும்.

ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600. இதுவும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 32 எம்பி கேஷ் இருப்பதால் விளையாட்டில் கெட்டி. உள் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி-யில் உள் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் பாதி, 16 எம்பி. கார்டு வாங்க இப்போதைக்குப் பணமில்லை, ஓராண்டு கழித்துத்தான் முடியும் என்கிறவனுக்கு ஜி. இன்றே கார்டும் வாங்குகிறவனுக்கு வெறும் 5600. ஒருவனுக்குச் சரியானது இன்னொருவனுக்குத் தவறாவது ஒரே எழுத்தில் இருக்கிறது. நண்பன் வாங்கினான் என்று நீயும் வாங்காதே. அவன் காத்திருக்கும் இடம் வேறு.

எது வாங்கினாலும் டைம்லைன் கனக்கிறதா? ப்ராக்ஸி உருவாக்கு. எடிட் செய்வதற்காக சின்ன அளவில் ஒரு நகல். கடைசியில் மென்பொருளே அசலை எடுத்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. பணம் இல்லாத இடத்தில் முறை கைகொடுக்கும். நல்ல எடிட்டர்கள் பலர் பழைய மெஷினில் கை பழகியவர்கள்.

அடிப்பலகையை மதி

2017-இல் முதல் ரைசனோடு பி350 மதர்போர்டு வாங்கியவர்கள் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யைப் பொருத்தினார்கள். ப்ராசஸர் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே நின்றது. அந்த போர்டில் இருந்த ஏஎம்4 சாக்கெட் வரிசை இன்று கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது. இன்டெலின் 12400 உட்காரும் எல்ஜிஏ1700-உம் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-க்கு 2027-உம் தாண்டி ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதில் ரைசன் 5 7600 வாங்கினால் டிடிஆர்5 ரேமும் வேண்டும். இன்றைக்குச் செலவு கூடும், நாளைக்கு வழி திறந்திருக்கும்.

இரண்டில் எது சரி என்று ஒரே சொல்லில் சொல்ல மாட்டேன். வேலை கையில் இருந்து, சம்பாத்தியம் இன்றே தொடங்க வேண்டுமென்றால் பழைய அடிப்பலகை போதும், மிச்சத்தைக் கார்டில் போடு. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாய், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே ஏற்ற முடியும் என்றால் புதிய அடிப்பலகை நல்லது. வேலைக்குச் சேரும்போதும் அப்படித்தான்: சம்பளம் பார்த்துப் போகும் இடம் ஒன்று, கற்றுக்கொள்ளப் போகும் இடம் ஒன்று. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போகிறவனுக்குப் பின்னால் புலம்பல் இருக்காது.

யார் கண்ணிலும் படாத செலவு

ஆசைப்பட்ட ப்ராசஸரை வாங்கிவிட்டு மிச்சக் காசுக்கு ஏதோ ஒரு பவர் சப்ளை போடுகிற தப்பை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் தினமும் பார்க்கலாம். கேபினட்டோடு சேர்ந்து வரும் பெயர் தெரியாத பவர் சப்ளை ஒருநாள் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். ரேமை ஒரே 16 ஜிபி-யாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி-யாக வாங்கு. இரண்டு வழியில் தரவு போகும், உள் கிராபிக்ஸை நம்பியிருக்கிறவனுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 4கே எடிட்டிங் என்றால் 32 ஜிபி வரை ஏற்ற இடம் வை. வீடியோ ஃபைல்களுக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டும்.

சூட்டையும் கணக்கில் எடு. 12400-க்கு 65 வாட் என்று சொல்லியிருப்பார்கள். முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் சூடு எல்லையைத் தொட்டால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள கேபினட்டுக்குச் செலவழிக்கும் பணம், நீ ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் காப்பாற்றும்.

விலை வாரா வாரம் மாறும். கணினிக்கான மொத்தப் பணத்தில் ப்ராசஸருக்கு நாலில் ஒரு பங்கைத் தாண்டாதே என்பது என் அளவுகோல். விளையாட்டும் வேண்டுமென்றால் கார்டுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கு. பில்லும் நிறுவன வாரன்டியும் இல்லாமல் பாக்ஸ் இல்லாத சில்லை, விலை குறைவு என்பதற்காக மட்டும் எடுக்காதே. தவணையில் வாங்கினால், கைக்கு வந்துவிட்ட வேலையின் வருமானத்தை வைத்துத் தவணையைக் கணக்கிடு. வரப்போவதாக நம்புகிற வேலையைக் கணக்கில் சேர்க்காதே. விரலுக்கேத்த வீக்கம்.

வாங்கி முடித்த பிறகு ஒன்று செய். ப்ராசஸர்களை ஒப்பிடும் வீடியோக்கள் பார்ப்பதை நிறுத்திவிடு. இதைவிட வேகமானது அடுத்த ஆண்டு வரும். அதற்கடுத்த ஆண்டும் வரும். அதை நினைத்து ஏங்குகிறவன் கையிலிருக்கும் மெஷினில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையின் கூலியிலிருந்தும் சிறு தொகையைத் தனியே எடுத்து வை. இந்த மெஷின் உன் வேலைக்குப் போதாமல் போகும் நாளில், அடுத்ததற்கான பணத்தை இதுவே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் சம்பாதித்துக் கொடுத்த ப்ராசஸர்தான், தம்பி, நல்ல ப்ராசஸர்.