மலைக்குள் ஒரு மாளிகை

கட்டடத்துக்கும் அடக்கம் வேண்டும் என்பது என் கட்சி. மலையுச்சியில் இடம் கிடைத்துவிட்டால், 'என்னைப் பார்' என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கட்டடங்களைப் பார்த்துச் சலித்தவன் நான்.

ஜப்பானில் ஷிகராகி மலைப் பக்கம் 1997-ல் திறந்த மிஹோ மியூஸியம் வேறு ரகம். முதலில் வளைந்து செல்லும் ஒரு சுரங்கம். அது முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கின்மேல் ஒரு பாலம். அதற்கு அப்பால்தான் வாசல். குகைக்குள் நுழைந்த செம்படவன் மறைந்திருந்த ஊரைக் கண்டான் என்ற சீனக் கதையை மனத்தில் வைத்து ஐ. எம். பே என்ற கட்டடக் கலைஞர் அமைத்த வழி அது. கட்டடத்தில் முக்கால் பாகம் பூமிக்குள். உள்ளே நுழைந்ததும் எதிரே கண்ணாடி. அதற்கு வெளியே பைன் மரங்கள், மலைக்குப் பின் மலை.

இந்த அடக்கம் சும்மா வந்துவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட வனம் என்பதால் சட்டமும் கையைப் பிடித்தது. மலையைத் தோண்டி, கட்டடத்தை வைத்து, மண்ணை மீண்டும் கொட்டி, மரம் நட்டார்கள். மலையைக் காக்க மலையையே வெட்டுவதா? நியாயமான கேள்விதான். மூடிவிட்டதால் காயம் இல்லையென்று ஆகிவிடாது.

ஆயினும் ஒன்றுக்காக மன்னித்துவிடுகிறேன். சிலை பார்க்க வந்தவனை அது முதலில் நடக்கவைக்கிறது, மலையைப் பார்க்கவைக்கிறது. அப்புறம்தான் சிலை.