வள்ளத்தின் முகம் எந்தப் பக்கம்?

திருகோணமலை உட்துறைமுகத்துக்கு அருகே ஓர் ஆரம்பப் பாடசாலை. மூன்றாந்தரச் சித்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் பின்வாங்கில் இருந்தேன். தலைப்பு ‘எங்கள் கடல்’. ஆசிரியை கரும்பலகையில் எதையும் கீறவில்லை. “கடலில நிக்கிற வள்ளங்களைப் பாத்திருக்கிறீங்கதானே? அதுகளின்ர முகம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

வகுப்பு யோசித்தது. மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். “நங்கூரம் போட்டா எல்லாம் ஒரே பக்கம் பாக்கும் டீச்சர்.”

“ஏன் மகன்?”

“காத்து வாற பக்கம் பாக்கும். கச்சானுக்கு ஒரு பக்கம், வாடைக்கு மற்றப் பக்கம்.”

கடலோரப் பிள்ளைகளிடம் இவ்வளவு அறிவு இருக்கிறது. ஆனாலும் ‘காட்சி ஒன்று வரைக’ என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்றுதான் பல கொப்பிகள் நிறைகின்றன. பலகையில் ஆசிரியர் கீறிய மாதிரிப்படம் வகுப்பு முழுவதும் பரவிவிடுகிறது.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான வடிவத்தை வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கீறும் என்று 1947இல் வெளிவந்த தன் நூலில் கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் விளக்கினார். பார்த்துப் பிரதிசெய்வதை அவர் ஏற்கவில்லை; பிள்ளையின் சொந்த அனுபவத்தைத் தூண்டச் சொன்னார். அந்தத் தூண்டுகோல்தான் கேள்வி.

“கேள்விக்குள்ள பதிலை ஒளிச்சு வைக்கக்கூடாது” என்றார் ஆசிரியை. ‘கடல் நீலம்தானே?’ என்றால் ‘ஓம்’ என்பதோடு முடிந்துவிடும். ‘விடியக் கடல் என்ன நிறம்? மழைக்கு என்ன நிறம்?’ என்று அவர் கேட்டதும் பாஸ்டல் பெட்டிகள் திறந்தன. ஒருவன் சாம்பலை எடுத்தான். மூதூரில் உறவினர் உள்ள சிறுமி மண்ணிறத்தை எடுத்தாள். மழைக்காலத்தில் மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவை அவள் கண்டிருக்கிறாள்.

கீறி முடித்த பிறகும் கேள்விகள் தொடர்ந்தன. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? பிலிப் யெனவைனும் அபிகெயில் ஹௌசனும் அமெரிக்காவில் உருவாக்கிய பார்வைப் பயிற்சியின் மூன்று கேள்விகள் இவை. ‘வடிவா இருக்கு’ என்ற பாராட்டோடு நிற்காமல், பிள்ளை காரணம் தேடிப் பேசியது. அடுத்தவரின் படத்தையும் உற்றுப் பார்த்தது.

இதற்குப் பணம் வேண்டாம். நேரமும் பொறுமையும் வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் பல இடங்களில் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. அதிபர்களே, அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவையுங்கள். ஆசிரியர்களே, பலகையில் முதற்கோடு போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.